கண்ணாடி இறக்காத பிக்கப்

மழையின் முதல் துளி விழுந்தால் மற்றவர்கள் தலையைத் தொட்டுப் பார்ப்பார்கள். உடையப்பன் காலைப் பார்ப்பார். பார்த்து, குனிந்து, செருப்பைக் கழற்றி, ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதிர்த்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் இறங்கி நடப்பார். இருபத்திரண்டு வருடமாக அவர் மனைவி நவமணி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணமான மூன்றாம் நாள் சுங்கை சிப்புட் பசாரிலிருந்து திரும்பும்போது மழை பிடித்தது. அவர் கழற்றினார், இவளையும் கழற்றச் சொன்னார். வீடு வந்து சேருவதற்குள் அவர் காலில் ஆணி ஏறி, பத்து நாள் வேலைக்குப் போகாமல் காலை நீட்டிப் படுத்திருந்தார். செருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வந்து பார்த்தவர்களிடமெல்லாம் அதைத்தான் முதலில் சொன்னார்.

இந்த வகை மனிதர்களுக்கு நாம் பத்திரக்காரர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கஞ்சர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கஞ்சர் எதையும் வாங்கமாட்டார். பத்திரக்காரர் வாங்குவார்; தேடித் தேடி, நாலு பேரைக் கேட்டு, இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து வாங்குவார். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த நிமிடத்தில்தான் அந்தப் பொருளுக்குச் சிறைவாசம் ஆரம்பமாகும். உடையப்பன் வீட்டில் ரேடியோவுக்குத் துணி உறை உண்டு. அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. அலமாரியில் பூப்போட்ட பீங்கான் தட்டுகள் இருபத்து நாலு உண்டு. வந்தவர்களுக்கெல்லாம் அலுமினியத் தட்டில்தான் சோறு. மேசை விசிறி ஒன்று உண்டு. சுற்றினால் இறக்கையில் தூசு படியும் என்பதால் அது சுற்றுவதில்லை. வியர்த்தால் அதன் முன்னால் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொள்வார்.

ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கட்டும்" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் பத்திரக்காரர்களிடம் விளக்கம் கிடையாது.

எண்பத்து நாலாம் வருடம் உடையப்பன் ஒரு நீல நிற பிக்கப் வாங்கினார். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ஷீட்டு உலர்த்திக்கொண்டிருந்தவர், அந்த வேலை போனபின் ஈப்போ புந்தோங்கில் ஒரு இரும்புச் சாமான் கடையில் ஸ்டோர் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். நவமணி அதே புந்தோங்கில் நாகூர் மீரான் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிக்க, மீன் கழுவ, காய் வெட்ட என்று அடுப்படி வேலைக்குப் போனாள். காலையில் சேர்ந்து போய் மாலையில் சேர்ந்து வருவார்கள். செகண்ட் ஹேண்ட் வண்டிதான். ஆனால் முதல் சொந்தக்காரரும் பத்திரக்காரராக இருந்திருக்க வேண்டும். சீட்டின் மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. உடையப்பன் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் துண்டை விரித்தார். துண்டின் மேல் பேப்பரை விரித்தார். பேப்பரின் மேல் நவமணி உட்கார்ந்தாள். சாமான் ஏற்றும் பின்பக்கத்தில் கான்வாஸ், அதன் மேல் சாக்கு, அதன் மேல் அட்டை. சாமான் ஏற்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டி முழுக்க மெழுகு தேய்த்து, முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். தெரியும்.

ஈப்போவில் சாயங்காலம் என்றால் மழை. மழை வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும். குளிர்ச்சி மெஷின் இல்லாத வண்டி அது. பகல் முழுக்க அடுப்படியில் வெந்து, வெங்காய வாடையும் மீன் வாடையும் உடம்பில் ஏறிய ஒருத்தியை, வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் நாற்றமும் மெழுகு நாற்றமும் சேர்ந்த ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் கண்ணாடியை ஏற்றி, சுங்கை சிப்புட் வரை இருபது மைல் ஓட்டினால் என்ன ஆகும்? ஜெலாப்பாங் தாண்டும்போது நவமணிக்குத் தலை சுற்றும். சிம்மோர் வரும்போது குமட்டும். மடியில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பை தயாராக இருக்கும்.

"பையை நல்லா விரிச்சுப் பிடி" என்பார் உடையப்பன் பரிவோடு. "சீட்டுல படாம."

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்காதீர்கள். மூன்றாவது தடவை அவள் வாந்தியெடுத்த அன்று அவருக்கே மனசு கேட்கவில்லை.

"ஏர் பிரஸ் போட்டுருவோம்" என்றார். "உனக்காகத்தான்."

கதவுக் கண்ணாடிக்கு மேலே புருவம் மாதிரி வளைத்து ஒட்டுகிற பிளாஸ்டிக் பட்டைக்கு எங்கள் பக்கத்தில் ஏர் பிரஸ் என்று பெயர். அதை ஒட்டிவிட்டால் மழையிலும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். தண்ணீர் வெளியே வழியும், காற்று உள்ளே வரும். நவமணி அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ரோட்டில் போகிற வண்டிகளின் புருவங்களைப் பார்க்கத் தொடங்கினாள்.

பத்திரக்காரர் ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? நாலு மாதம் ஆனது. கடைக்காரர்களைக் கேட்டார், கடைக்கு வந்தவர்களைக் கேட்டார், கோயில் வாசலில் நிறுத்தியிருந்த அடுத்தவன் வண்டியின் ஏர் பிரஸைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்து அந்த வண்டிக்காரனிடம் திருடன் பட்டம் வாங்கினார். நவமணியின் தம்பி பிச்சைமுத்து மர லாரி ஓட்டுகிறவன். அவனை நாலு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவழைத்துக் கேட்டார்.

"மச்சான், அது ரெண்டு துண்டு பிளாஸ்டிக்லா" என்றான் அவன், நாலாவது ஞாயிற்றுக்கிழமை. "பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்களே."

கடைசியில் புந்தோங்கில் அப்துல் ஹலீம் கடைக்குப் போனார்கள். சீட் உறை, ஹாரன், கண்ணாடி என்று வண்டிச் சாமான் எல்லாம் விற்கிறவர்.

"கறுப்பு எடுங்கண்ணே. எல்லாரும் கறுப்புதான் எடுக்கிறாங்க."

"கறுப்புல தூசு தெரியுமே, பாய்."

"அப்ப வெள்ளை எடுங்க. கண்ணாடி மாதிரி இருக்கும்."

"அதுல கீறல் தெரியும்."

ஹலீம் இரண்டையும் கீழே வைத்தார். "தூசும் தெரியக்கூடாது, கீறலும் தெரியக்கூடாதுன்னா, கடையிலயே இருக்கட்டும்ணே. நான் பாத்துக்கிறேன்."

உடையப்பனுக்கு அந்த யோசனை பிடித்துப்போனது அவர் முகத்தில் தெரிந்தது. நவமணி கறுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பிக்கப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அவள் அவரைக் கேட்காமல் எடுத்த முதல் சாமான் அதுதான்.

பத்து நிமிடத்தில் சும்மாவே ஒட்டித் தருகிறேன் என்றார் ஹலீம். அடுத்தவர் கை படக்கூடாது என்றார் இவர். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, சாமி கும்பிட்டு, ஈர்க்குச்சியால் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, டேப்பின் தாளை உரித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினார். கையை எடுத்தார். விழுந்தது. மறுபடி ஒட்டினார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை ஒட்டிவிட்டுக் கையை எடுக்காமலே நின்றார். பகல் சோற்றை நவமணி ஊட்டிவிட வேண்டியிருந்தது. சாப்பிட்டு முடித்து, கை வலி தாங்காமல், எடுத்தார். விழுந்தது.

மூன்றே முக்கால் மணிக்கு இருவரும் மறுபடி ஹலீம் கடை வாசலில். ஹலீம் கதவின் மேல்விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னண்ணே, வெண்ணெய் தடவி வச்சிருக்கீங்களா?"

"மெழுகு. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை."

"அலாமா! ஈ உக்காந்தாலே வழுக்கி விழுந்துரும். இதுல டேப்பு எங்க நிக்கும்? ஸ்பிரிட் போட்டுத் தொடச்சாத்தான் ஒட்டும்."

ஹலீம் துடைத்தார். குழந்தைக்கு ஊசி போடும்போது தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வது போல உடையப்பன் எதிர்க் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம்தான். இரண்டு ஏர் பிரஸும் கதவோடு கதவாக நின்றன. மேலே பால் நிறத்தில் ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. அதை உரிக்கப் போன ஹலீமின் கையை உடையப்பன் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்."

"சரி, இருக்கட்டும். நாளைக்கு இந்நேரம் வரைக்கும் கண்ணாடியை எறக்காதீங்க, பசை பிடிக்கணும். அப்புறம் எந்த மழையா இருந்தாலும் ரெண்டு விரக்கடை எறக்கிட்டுப் போங்க. ஒரு சொட்டு உள்ள வராது. அக்காவுக்கு ஜம்முனு காத்து வரும்."

நவமணி கடைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு. கையை மடிக்குள் வைத்து இரண்டு விரலைச் சேர்த்துப் பார்த்தாள். அவ்வளவு காற்று போதும்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு மழை வந்தது. அவள் கண்ணாடி இறக்குகிற கைப்பிடியைத் தொட்டாள்.

"கையை எடு!"

"நாலு மணி தாண்டிருச்சுங்க."

"அந்தாளு சொன்னது வெயில் நாளுக்கு. இது மழை. பசை ஊறிப் போயிரும்."

"மழைக்குத்தானே ஒட்டினது?"

"ஒரு வாரம் போகட்டும்."

ஒரு வாரம் போனது. டேப்புக்குள் ஈரம் இருக்கலாம் என்றார். ஒரு மாதம் போனது. கண்ணாடி ஏறி இறங்கினால் கதவு அதிரும், கதவு அதிர்ந்தால் ஏர் பிரஸ் ஆடும், ஆடினால் பிடி விடும் என்று கண்டுபிடித்தார். வெயில் நாளிலும் கண்ணாடி இறங்காமல் போனது இப்படித்தான். முன்பு மழைக்கு மட்டும் குமட்டிக்கொண்டிருந்த நவமணிக்கு இப்போது தினமும் குமட்டியது. வண்டியைப் பார்த்தவர்கள், "ஏர் பிரஸ் அழகா இருக்கேண்ணே" என்றார்கள். "அவளுக்காகத்தான் போட்டேன்" என்றார் அவர்.

அதற்குமேல் ஒருவரால் என்ன செய்ய முடியும் என்று நினைக்கிறீர்களா? முடியும். ஒரு நாள் ஜெலாப்பாங் வரும்போது மழை வலுத்தது. உடையப்பன் வண்டியை வளைத்துக் கொண்டுபோய் ஒரு பெட்ரோல் ஸ்டேஷன் கூரைக்குக் கீழே நிறுத்தினார்.

"என்னாச்சு?"

"மழை பலமா இருக்கு. ஏர் பிரஸ்ல படும்."

மழையைத் தடுக்க வாங்கிய சாமான் மழையில் நனையாமல் இருக்க, கண்ணாடியை இறக்காமல், அந்தப் பெட்டிக்குள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி. அரை மணி. கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வியர்த்து வழிந்தது. நவமணி மடியிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு அதை நாலாக மடித்து, டாஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கினாள்.

"மெதுவாச் சாத்து! எங்க போற?"

"பின்னால."

"நனைஞ்சிருவே."

"நனைஞ்சா காயும்."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கம் ஏறி, டிரைவர் தலைக்குப் பின்னால் முதுகைச் சாய்த்து, குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உடையப்பன் இறங்கி ஓடிவந்தார். வந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"குடைக் கம்பி பெயிண்ட்டுல படாமப் பாத்துக்க."

எண்ணெய் போடாத வண்டிக்கு இங்கே என்ன வேலை என்று பெட்ரோல் ஸ்டேஷன் ஆள் துரத்தவும் வண்டி கிளம்பியது. ஏர் பிரஸில் மழை வேகமாக அடிக்கக்கூடாது என்பதால் உடையப்பன் இருபது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. குடை பிடிக்க அது நல்ல வேகம். காற்று நாலு பக்கமிருந்தும் வந்தது. சிம்மோர் வந்தது, போனது. குமட்டவில்லை.

சிம்மோர் தாண்டி ஒரு மர லாரி பின்னால் வந்து ஒட்டினாற்போல் ஊர்ந்தது. பிச்சைமுத்து கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை வெளியே நீட்டினான். அவன் லாரிக்கு ஏர் பிரஸ் கிடையாது.

"என்னக்கா, மச்சானோட சண்டையா?"

"சண்டை இல்லலா. முன்னால எடமில்ல."

"ஏன், யாரு உக்காந்திருக்கா?"

"ஏர் பிரஸ்" என்றாள் நவமணி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். சிரித்துவிட்டு உங்கள் வீட்டு நாற்காலியில் உட்காரும்போது அடியில் பிளாஸ்டிக் சலசலக்கிறதா என்று மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். அலமாரியில் கைபடாத கண்ணாடித் தம்ளர்கள் எத்தனை, யாருக்காக அவை காத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதுவும் இல்லையா? அப்படியானால் இந்தப் புத்தகத்தையே பாருங்கள். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, முதுகு மடங்கிவிடும் என்று பாதி மட்டும் விரித்து, ஓரத்து எழுத்துகளை எட்டி எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், நான் உங்களை ஒன்றும் சொல்லவில்லை. இருக்கட்டும்.

இப்போது எண்பத்து எட்டாம் வருடம். நாலு வருடம் ஆட்டாமல் விட்டதால் அந்த பிக்கப்பின் கைப்பிடிகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. இறக்க வேண்டும் என்று நினைத்தாலும் கண்ணாடி இறங்காது. ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் உடையப்பன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நின்று லைசென்ஸ் காட்டுகிறார். ஏர் பிரஸ் இரண்டும் பால் நிறத் தாளோடு புதிதாகவே இருக்கின்றன. நவமணி பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போய் வருகிறாள்.