கிடாவின் கழுத்துத் துண்டு

“ஆட்டை வெளிய கொண்டு வாங்க டீச்சரே.”

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டவர் இடதுகட்சியின் கிளைச் செயலாளர் சதாசிவன். கிருபாபாய் டீச்சர் வீட்டில் ஆடும் இல்லை, ஆட்டுக்கொட்டகையும் இல்லை. ஆனாலும் எந்த ஆடு என்று டீச்சருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் பிஸ்கட் டின்னைத் திறந்து, ஒரு சாண் நீளக் கிடாவை எடுத்துவந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

அட்டையில் வெட்டிய கிடா. தலையும் கால்களும் தனித்தனியாக வெட்டி, ரவிக்கைக்குத் தைக்கும் பிரஸ் பட்டனால் உடம்போடு கோத்தது. கழுத்தில் ஒரு காகிதத் துண்டு.

“இதாக்கும் ஆடு. உங்களை என்ன செய்தது?”

“பள்ளத்தில விழுந்துது.”

“கிடா பள்ளத்தில விழுந்தா உங்களுக்கு என்ன?”

“கழுத்தில செவப்புத் துண்டோட விழுந்துது டீச்சரே! பஞ்சாயத்து எலக்‌ஷனுக்கு ரெண்டு மாசம்கூட இல்ல. செவப்புத் துண்டு போட்ட கிடா ரோட்டுப் பள்ளத்தில தலைகுத்தி விழுந்தா என்ன அர்த்தம்? நேத்து தங்கப்பனுக்க சாயக்கடை டி.வி.யில நாப்பது பேரு இருந்து கண்டாச்சு. பெஞ்சில எனக்குப் பக்கத்தில இருந்தவன் கிடாவை விட்டுட்டு என்னைப் பாத்துச் சிரிக்கான்.”

டீச்சர் துண்டைத் தொட்டுக் காட்டினார். “இதுவா செவப்பு? பிள்ளைகளுக்க நோட்டுக்கு அட்டை போடுத பிரௌன் பேப்பராக்கும்.”

சதாசிவன் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கட்சி வகுப்பில் பழகிய நிதானத்தோடு சொன்னார்: “இது நான் வாறதுக்கு முன்ன நீங்க மாத்தினது. எனக்க கண்ணால கண்டது எனக்குத் தெரியாதா?”

கிருபாபாய் டீச்சர் பாறசாலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக டிராயிங் டீச்சர். ஒரு வாழைப்பழம், ஒரு பானை, பானைக்குப் பின்னால் பாதி தெரியும் ஒரு மாம்பழம். இருபத்திரண்டு வருடமும் கரும்பலகையில் இதையேதான் வரைந்தார். பிள்ளைகளும் இதையே வரைந்து, இதற்கே மார்க் வாங்கி, அவரவர் வழியில் போய்விட்டார்கள். ஒருவராவது அந்தப் பானையைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் கிளீட்டஸ் வந்தான். கடற்கரைக்காரன். அப்பா கடலில் வலை வீசினார். மகன் கரையேறி, அமரவிளையில் தென்னைக்குத் தென்னை ஒயர் இழுத்துக் கேபிள் டி.வி. நடத்தினான். பெண்டாட்டி பெயரால் ‘ரோசா விஷன்’. ஞாயிறு சாயங்காலம் சொந்தமாக ஐந்து நிமிடம் ஏதாவது போட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கல்யாண வீட்டுக்கு எடுத்துப்போகும் வீடியோ கேமராவை மேஜைக்கு மேலே கவிழ்த்துக் கட்டினான். டீச்சர் கிடாவின் காலை ஒரு நெல்லளவு நகர்த்துவார். அவன் பட்டனை அமுக்கி விடுவான். மறுபடி நகர்த்துவார், மறுபடி அமுக்குவான். ஐந்து நிமிடத்துக்கு இரண்டு முழுநாள் வேலை. கேமரா எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் நிற்கும் என்பதால், கிடா காலில் முள் குத்தியதுபோல் விந்தி விந்தி நடந்தது. அந்த நடைக்கே ஊர் சிரித்தது. நிகழ்ச்சிக்கு ‘கிடா வாறான்’ என்று பெயர்.

தான் வரைந்த ஒன்றைப் பார்த்து நாலு பேர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள் என்ற சந்தோஷம் டீச்சருக்கு நாற்பத்தைந்து வயதில்தான் வாய்த்தது. அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. ஒரு துண்டை வேண்டுமானால் மாற்றலாம், போகட்டும்.

மாற்றினார். அடுத்த வாரம் கிடா பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு மேடையேறிப் பிரசங்கம் செய்தது. பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில், உட்கார்ந்திருந்த நாற்காலி உடைந்து கிடா கீழே விழுந்தது.

திங்கட்கிழமை காலை கதர்க் கட்சித் தலைவர் பரமசிவன் வாசலில் நின்றார்.

“டீச்சரும் அவங்க ஆளாயாச்சா?”

“யாருக்க ஆளு?”

“கதர்த் துண்டு, அதில மூவர்ணக் கரை! அதைக் கழுத்தில போட்டவன் உக்காந்த நாற்காலி ஒடையுது. இது சதாசிவன் சொல்லித் தந்த கதையில்லியா? தங்கப்பனுக்க கடையில அவன் சிரிச்ச சிரிப்பில சாயக் கிளாஸ் எல்லாம் குலுங்கிச்சு.”

டீச்சர் பிஸ்கட் டின்னைத் திறந்தார். “பாருங்க. முழுக்கப் பச்சை. கரையே கிடையாது. இந்த மூணு வரி துண்டுக்க மடிப்பு, பென்சிலால வரைஞ்சது.”

“மடிப்புக்கு என்னத்துக்கு மூணு நிறம்?”

“மூணும் பென்சில் நிறம்!”

“இப்போ பென்சில் நிறம்” என்றார் பரமசிவன், எல்லாம் தெரிந்தவர்போல. “நேத்து அப்படி இல்ல.”

இரண்டு பேரையும் கண் டாக்டரிடம் அனுப்பலாம் போல் இருந்தது டீச்சருக்கு. ஆனால் கிளீட்டஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். “எனக்க மாதாவே! டீச்சரே, ஒயரு போவது பாதி இவருக்க தென்னை வழியா, மீதி அவருக்க தென்னை வழியாக்கும். ரெண்டு பேரும் அவிழ்த்துவிட்டா ரோசா விஷன் எனக்க ரோசாவுக்கு மட்டும்தான் தெரியும்.”

“அப்போ துண்டே வேண்டாம்” என்றார் டீச்சர். “வெறுங் கழுத்தோட நிக்கட்டும். எந்தக் கட்சிக்காரன் சண்டைக்கு வாறான் எண்ணு பாப்போம்.”

மூன்றாவது வாரம், வெறுங்கழுத்துக் கிடா முக்கில் பஸ்ஸுக்கு நின்றது. நெய்யாற்றின்கரை பஸ் வந்தது, நிற்கவில்லை. எதிர்ப் பக்கம் பாறசாலை பஸ் வந்தது, அதுவும் நிற்கவில்லை. கிடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விந்தி விந்தி ஓடியதுதான் ஐந்து நிமிடமும்.

திங்கட்கிழமை சண்டைக்கு யாரும் வரவில்லை. வந்தவர் கையில் பலாப்பழம் இருந்தது.

அவர் அம்பூரி சாக்கோச்சன். ரப்பர் விவசாயிகள் கட்சி ஒன்றின் தலைவர். அந்தக் கட்சி பிளந்து, பிளந்த பாதியும் பிளந்து, இப்போது மொத்தக் கட்சியும் ஒரே ஜீப்பில் வந்து போகிறது. கொடி யாருக்கு என்ற வழக்கு கோர்ட்டில் கிடக்கிறது; இரண்டு கூட்டணியிலும் இடமில்லை. ஞாயிறுதோறும் ரப்பர் ஷீட் விற்க வரும்போது தங்கப்பன் கடையில் சாயா குடித்து, கிடாவையும் பார்த்துவிட்டுப் போவார்.

“எந்தொரு சந்தோஷம் டீச்சரே!” என்று பலாப்பழத்தைக் கீழே வைத்தார். “கொடியில்ல, துண்டில்ல, ரெண்டு வண்டியிலயும் ஏத்தவும் இல்ல. அது எங்க பார்ட்டியாக்கும்! இத்தனை வருஷமா எங்களை ஒருத்தனும் கேலி செய்தது கிடையாது. கேலி செய்யணும் எண்ணு ஒருத்தருக்காவது தோணிச்சே! அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் காரமா வேணும்.”

சாக்கோச்சன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் சதாசிவனும் பரமசிவனும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றாக வந்து, ஒரே குரலில் கேட்டார்கள்: “அந்த ஒரு ஜீப்புக்காரனுக்கு மட்டும் தனியா ஒரு வாரமா?”

அன்றைக்குக் கிளீட்டஸ் டீச்சரின் காலில் விழாத குறைதான். அடுத்த வாரக் கதையை அவனே எழுதினான். கிடா புல் தின்றது. புல் நல்லது என்றது. தண்ணீர் குடித்தது. எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது.

ஞாயிறு சாயங்காலம் கிளீட்டஸின் ஆபீசில் டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. ஒற்றசேகரமங்கலத்திலிருந்து யாரோ பணிவாகக் கேட்டார்: “இது மிருகாஸ்பத்திரிக்க புரோகிராமா?”

தங்கப்பன் கடையில் இரண்டாவது நிமிடத்திலேயே ஆட்கள் எழுந்து போய்விட்டார்களாம். வேறு யாரும் கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. டீச்சருக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. சதாசிவன்மேல் இல்லை, பரமசிவன்மேல் இல்லை, தன்மேல். பானைக்குப் பின்னால் பாதி மாம்பழம் வரைந்த கை மறுபடியும் பானைக்கே போய்விட்டதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

“கிளீட்டஸே, அந்த பிரௌன் பேப்பரை எடு.”

“டீச்சரே, வேண்டாம். ஒயரு...”

“ஒயரை அவிழ்க்கட்டும். கிடாவுக்கு அந்தத் துண்டு, அந்த நடை, அந்தப் பள்ளம். ஒண்ணும் மாத்தமாட்டேன். நிறுத்துவாங்கண்ணா, சிரிக்க வச்சிட்டு நிறுத்தட்டும். புல்லு தின்னுட்டு நிறுத்துத வேலை எனக்க கிட்ட நடக்காது.”

ஐந்தாவது வாரம் கிடா பிரௌன் துண்டோடு விந்தி விந்தி வந்து அதே பள்ளத்தில் விழுந்தது. அட்டையில் வெட்டிய மூன்று கட்சிக்காரர்களும் ஓடிவந்தார்கள். தூக்கிவிட வந்தார்கள் என்று கிடா காலை நீட்டியது. அவர்கள் பள்ளத்தைச் சுற்றி வாழை நட்டு, ரோடு சரியில்லை என்று தனித்தனியாகப் போராட்டம் நடத்திவிட்டுப் போய்விட்டார்கள். கிடா உள்ளேயே கிடந்து, ஒவ்வொரு கட்சியின் வாழையிலையாகத் தின்று முடித்தது.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளே சர்வகட்சிக் கூட்டம் அறிவித்தார்கள். நம் பக்கத்தில் இரண்டு சைக்கிள் மோதிக்கொண்டாலே சர்வகட்சிக் கூட்டம் உண்டு. அட்டைக் கிடாவுக்கு மட்டும் இல்லாமல் போகுமா? விஷயம் ஒன்றே ஒன்று. அது கட்சிக் கிடா என்று தெரிந்தால் அன்றைக்கே ஒயரை அவிழ்ப்பது. இல்லையென்றால் யாரும் அதைத் தொடக்கூடாது.

அன்று சாயங்காலமே வாசகசாலையில் கூட்டம். டீச்சர் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். சாயக்கடைத் தங்கப்பன் ஒரு கையில் கெட்டிலும் மறு கையில் கிளாஸ்களுமாக எல்லாருக்கும் சாயா ஊற்றிக்கொண்டிருந்தார்.

“கேலிக்கு நாங்க எதிரி இல்ல” என்று பரமசிவன் தொடங்கினார். “ஆனா கேலியில கட்சி கலந்தா சிரிப்பு கெட்டுப்போவும்.”

“சரி, கெட்டுப்போச்சா?” என்றார் டீச்சர். “நேத்து நீங்க சிரிச்சியளா, இல்லியா?”

பரமசிவன் கூரையைப் பார்த்தார்.

“சதாசிவன் அண்ணன் சொல்லட்டும்.”

“சிரிச்சேன்” என்றார் சதாசிவன், மனசில்லாமல். “வாழையிலை தின்னும்போ கண்ணில தண்ணி வந்துது. வீட்டுக்குப் போய் யோசிச்ச பிறவாக்கும் கோபம் வந்தது.”

“அப்போ கெடுத்தது எனக்க கிடாவா, உங்களுக்க யோசனையா?” டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். “எனக்கும் ஓட்டு உண்டு. எனக்கும் ஒரு கட்சி பிடிக்கும், ஒரு கட்சி பிடிக்காது. எது எண்ணு சொல்லமாட்டேன். ஆனா பள்ளம் எண்ணு ஒண்ணு இருந்தா கிடா விழும், விழுந்தா ஆளு சிரிக்கும். விழாத கிடா வேணும் எண்ணா நீங்களே வெட்டி ஒட்டிக்கிடுங்க. நான் வெட்டமாட்டேன்.”

பின்வரிசையில் யாரோ கைதட்டப்போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“பேச்சு நல்ல பேச்சு” என்றார் சதாசிவன். “ஆனா நேத்தும் துண்டு செவப்பு. அதுக்கு என்ன பதில்?”

“செவப்பா? மூவர்ணக் கரை!” என்றார் பரமசிவன்.

“ரெண்டுமில்ல” என்று ஜீப்பை விட்டு இறங்கி ஓடிவந்த சாக்கோச்சன் மூச்சிரைக்கச் சொன்னார். “ஒணங்கின ரப்பர் ஷீட்டுக்க மஞ்ச நிறம். எங்க நிறமாக்கும். தயவு செய்து அதை எங்கிட்டருந்து பிடுங்கிடாதீங்க.”

டீச்சர் டின்னைத் திறந்து, பிரௌன் துண்டுக் கிடாவை மேஜைமேல் வைத்தார். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அது மாற்றி வைத்தது என்பதில் மூன்று கட்சிக்கும் ஒரே கருத்து.

“நாங்க மூணு பேரும் ஒரே பெஞ்சில இருந்து கண்டது!” என்று மேஜையைத் தட்டினார் சதாசிவன். “வாரா வாரம் தங்கப்பனுக்க கடையில. பன் அலமாரிக்கு மேல இருக்குத டி.வி.யில, ரெண்டு கண்ணாலயும் கண்டது.”

“அப்போ தங்கப்பனே சொல்லட்டும்” என்றார் பரமசிவன். “அவன் எல்லாக் கட்சிக்கும் சாயா ஊத்துதவன். அவன் சொல்லுத நிறம் எங்களுக்குச் சம்மதம்.”

“எங்களுக்கும்” என்றார் சதாசிவன்.

“எங்களுக்கும்” என்றார் சாக்கோச்சன், ஜீப்பின் சார்பில்.

கிளீட்டஸ் சிலுவை போட்டுக்கொண்டான். டீச்சர் கிடாவைக் கையில் எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டார். ஐந்து வாரம் கழுத்துத் துண்டோடு மல்லுக்கட்டியதெல்லாம் இனி ஒரு சாயக்கடைக்காரரின் ஒற்றை வார்த்தையில் இருந்தது.

“சொல்லு தங்கப்பா. பயப்படாத. துண்டு என்ன நிறம்?”

தங்கப்பன் கெட்டிலைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துணியால் கையைத் துடைத்தார். மூன்று தலைவர்களையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார்.

“எனக்கு எப்படி அண்ணே தெரியும்? நம்ம கடையில உள்ளது பிளாக் அண்ட் ஒயிட் டி.வி.யாக்கும்.”