காதிரைச்சல் எந்தப் பக்கத்தால் வந்தது

அன்பு மச்சான் சின்னராசா அவர்கட்கு,

நானாட்டானிலிருந்து யோகராசா சொல்ல, உங்கள் தங்கச்சி றஞ்சிதம் எழுதுவது. இங்கே வீடு, வயல், மாடு எல்லாம் சுகம். உங்கள் சுகத்தைப் போனில் கேட்கலாம்தான். ஆனால் போன தடவை கனடாவிலிருந்து நீங்கள் "என்ன?" என்க, இங்கிருந்து நான் "என்ன?" என்க, கடைசியில் போனே சூடாகி நின்றுபோனது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்வதைத்தான் இவள் எழுதுகிறாளா என்பது திருக்கேதீச்சரத்தானுக்கே வெளிச்சம்.

பெரும் புயலடித்துத் தனுஷ்கோடி அழிந்த வருஷம், உங்கள் அப்பா புதுச் சைக்கிள் எடுத்த வருஷம், உங்களுக்கு நினைவிருக்கும். புயல் ஓய்ந்து, பொங்கலும் பொங்கி முடிந்த பிறகு, எங்கள் இருவருக்கும் தாத்தாவானவர் முற்றத்தில் நின்று, "உந்தக் காத்து இன்னும் நிக்கேல்லையோ?" என்று கேட்டார். ஒரு இலை அசையவில்லை. கிழவர் பயந்துவிட்டார் என்று சிரித்தோம். மச்சான், அந்தக் காற்று இப்போது என் காதுக்கு வந்துவிட்டது. பக்கத்து வயல் பெனடிக்ற் இரவுபகலாய்த் தண்ணி மோட்டரை ஓடவிடுகிறான் என்று நினைத்து, வேலிக்குப் போய் நல்லாய் ஏசிவிட்டேன். அவன் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினான். மோட்டர் சாக்கின் மேல் துண்டு துண்டாய்க் கழற்றிக் கிடந்தது. அப்போதும் அது ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

இதெல்லாம் கிழவன் பாடு என்று விட்டிருப்பேன். ஆனால் மகள் வசந்தமலருக்கும் இரைகிறதாம். அவள் படிப்பிக்கிற பாலர் பாடசாலையில் பின்வரிசைப் பிள்ளைகள் கூப்பிடுவது கேட்பதில்லையாம். ரீச்சருக்குத் தலைக்கனம் என்று ஊர் கதைக்கிறது. அதனால் மூன்று பேருமாய் மன்னாருக்குக் காது டொக்டரிடம் போனோம். அவ நிவேதிகா என்று ஒரு சின்னப் பிள்ளை.

"குடும்பத்தில ஆருக்கும் காது மந்தம் இருந்ததோ ஐயா?"

நான் வாய் திறக்கமுன் இவள், "எங்கட பக்கம் ஒருத்தருக்கும் இல்லை" என்றாள்.

"உன்ர கொப்பர் குளம் நிரம்பி வான் பாயிற சத்தம் கேக்காமல் சைக்கிளோட தண்ணிக்குள்ள போனதை மறந்திட்டியோ?"

"உங்கட கொம்மா? பின்னால மாடு நிண்டு நெல்லுத் தின்ன, முன்னால இருந்து புடைச்சுக்கொண்டிருந்தவ."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "நீங்கள் ரெண்டு பேரும் சொந்தமோ?"

"மாமான்ர மகள்."

"அப்ப இவவின்ர அப்பாவும் உங்கட அம்மாவும் ஒரு வயித்துப் பிள்ளையள். இவ்வளவு நேரமும் ரெண்டு பேரும் ஒரே ஆக்களையல்லோ பேசுறியள்?"

விறாந்தையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கேட்கவில்லை, பல்லுத் தெரிந்தது.

வயது ஒரு பங்கு, சத்தத்தில் வேலை செய்தது ஒரு பங்கு, பரம்பரை ஒரு பங்கு என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். காது மங்க மங்க, மூளை தானாய் ஒரு சத்தத்தைப் போடுமாம். வசந்தமலர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப என்ர பிள்ளை யதுர்சிகாவுக்கும் வருமோ?" வரலாம், வராமலும் விடலாம் என்றார் டொக்டர். அந்த "வரலாம்" மட்டும் மகளுக்கு நல்லாய்க் கேட்டுவிட்டது. காது மெசினை வாங்கியும் போடவில்லை, கைப்பைக்குள் கொண்டு திரிகிறாள். "நான் போட்டால் பிள்ளை தனக்கும் இதுதான் எண்டு இப்பவே பயப்படுவாள் அப்பா" என்கிறாள். வருகிற மாதம் பள்ளிக்கூட வேலையை விடப்போகிறாளாம்.

ஆகவே மச்சான், எங்களில் காது தப்பிய ஆள் ஒருவராவது உண்டா? தாத்தா, மாமா, அம்மா, நான், உங்கள் தங்கச்சி, இப்போது நீங்கள். உங்கள் தங்கச்சிக்குக் காதுக்குள் பகலிலும் சில்லூறுப் பூச்சி கத்துகிறதாம். எனக்குத் தெரிய எங்கள் கிளையில் ஒருவரும் மிச்சமில்லை. என் ஞாபகம் பிழைக்காது என்பது ஊர் அறிந்தது. நீங்களும் யோசித்து, அப்படி ஒருவர் இருந்தால் எழுதுங்கள், மகளுக்குக் காட்ட வேண்டும். வயல் இந்த முறை பரவாயில்லை, குளம் நிரம்பியிருக்கிறது. அங்கே பனிக்குள் கவனமாய் நடவுங்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அன்பு மைத்துனன் யோகராசா

பின்குறிப்பு: கடிதம் ஒட்டுகிற நேரம் றஞ்சிதம், "இஞ்சேருங்கோ, முருங்கன் மாமியை விட்டிட்டம்" என்றாள். உங்கள் அப்பாவினதும் என் அம்மாவினதும் கடைசித் தங்கச்சி, முருங்கனில் இருக்கிறவ. எனக்குச் சின்னம்மா. வயது தொண்ணூறு தாண்டிவிட்டது. சபையில் வாய் திறக்காத மனிசி என்று நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. இன்று எல்லோருமாய்ப் போனோம். வேலிப் படலையடியில் வசந்தமலர் தாயின் காதோடு, "சின்னாச்சி நித்திரை போல" என்றாள். உடனே யதுர்சிகா, "அம்மா, உள்ளுக்க இருந்து நித்திரை இல்லை, வாங்கோ எண்டு சொல்லுறா" என்றாள். எங்கள் மூவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் இருந்த பிறகும் அவவின் உதடு மட்டும் அசைந்தது. வசந்தமலர் கைப்பையைத் திறந்து, மெசினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, கிட்டப் போய் இருந்தாள். "ஏன் சின்னாச்சி நீங்கள் ஒரு நாளும் கதைக்கிறேல்லை?" என்று கேட்டாள்.

"நான் எந்த நாளும் கதைக்கிறனான் பிள்ளை. உங்கட ஆக்களில ஆருக்கு விளங்கினது?"

வசந்தமலர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி இதை எனக்கு உரத்துச் சொன்னாள். மெசினை இன்னும் கழற்றவில்லை. ஆனபடியால் மச்சான், ஒருவரும் மிச்சமில்லை என்று மேலே எழுதியதை வெட்டிவிடுங்கள். தாத்தாவின் பிள்ளைகளில் இன்று சீவனோடும் நல்ல காதோடும் இருப்பது ஒரே ஒரு ஆள், எங்கள் சின்னம்மா நாகம்மா.