மண் தேடிய டைல்ஸ்காரர்

தஞ்சாவூர் ஜில்லாவில் பாதி மண்ணை மூடியவரும் அவர்தான். மிச்ச மண்ணைத் தேடி அலைந்தவரும் அவர்தான். பைபாஸ் ரோட்டில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த டைல்ஸ் கடையில் அவர் மூத்த விற்பனையாளர். எங்களுக்கு 'சேத்துக்கால்' சார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைத் தொந்தரவு செய்ததில்லை.

அவருக்கு ஒரு குறை. எதிராளி கொஞ்சம் அழுத்திக் கேட்டால் 'இல்லை' என்று சொல்ல வாய் வராது. விலையைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார். வண்டி வாடகையும் கடையோடதுதானே என்றால் ஆமாம் என்பார். விட்டால் கடையையே வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார். நிலைமை கைமீறுகிறது என்று தெரிந்ததும், "ஒரு நிமிஷம்ங்க" என்று பின்கதவைத் திறந்துகொண்டு போவார். கடைக்குப் பின்னால் வயல். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, நாற்றை மிதிக்காமல், வரப்போரச் சேற்றில் இறங்கி நிற்பார். திரும்பி வரும்போது ஆளே வேறு. "கட்டுப்படியாகாதுங்க" என்பார். அவ்வளவுதான்.

ஏன் சார் இப்படி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏசியில நின்னு பேசிக்கிட்டே இருந்தா நான் யாருன்னே மறந்துபோவுது தம்பி. கால் சேத்துல பட்டாத்தான், சரி, நம்ம ஆளு வந்துட்டான்னு தோணுது."

கோடையில் வயல் காய்ந்தபோது கடைக் குடிதண்ணீர் கேனைத் தூக்கிப்போய் ஊற்றிச் சேறு பண்ணினார். தண்ணீரும் போச்சு, தரையும் போச்சு என்று முதலாளி தினமும் திட்டினார். வெள்ளைத் தரையில் பதிந்திருந்த அவருடைய சேற்றுப் பாதத்தைப் பார்த்து ஒரு அம்மாள், இந்த டிசைன் பெட்டி என்ன விலை என்று கேட்ட பிறகுதான் திட்டு நின்றது.

அவர் மகள் கோமதி பள்ளிக்கூட டீச்சர். அந்த வேலையை வாங்க அவள் பட்ட பாடு கடை முழுக்கத் தெரியும். அவளுக்கு ஒரு வரன் வந்தது. டைல்ஸ் வாங்க வந்த இடத்தில் பேசிப் பழகி அமைந்த சம்பந்தம், திருவாரூர்க்காரர்கள். மாப்பிள்ளை வீடு பார்க்கத் துணைக்கு என்னையும் அழைத்துப் போனார்.

கேசரி வந்தது. மாப்பிள்ளையின் மாமா சோபாவில் சாய்ந்துகொண்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போவ வேணாம். நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல. சம்மதம்தானே?"

எங்கள் ஆளின் தலை ஆட ஆரம்பித்துவிட்டது. "அதுக்கென்னங்க..." வரைக்கும் போய்விட்டார். நான் கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். நல்லவேளை, சட்டென்று எழுந்து, "ஒரு நிமிஷம்ங்க" என்று கொல்லைப்பக்கம் பாய்ந்தார்.

நானும் பின்னால் ஓடினேன். கிணற்றடியில் டைல்ஸ். மதிலோரம் டைல்ஸ். மாடு கட்டியிருந்த இடத்தில்கூட டைல்ஸ். அத்தனையும் இவரே ஆசைகாட்டி விற்றது. "ஒரு சாண் மண்ணு விட்டு வித்திருக்கக் கூடாதா நான்" என்று முனகிக்கொண்டே சுற்றியவர் கண்ணில், சிமெண்ட் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைக் கன்று பட்டது. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு காலையும் உள்ளே வைத்து, கன்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார்.

ரசத்துக்குக் கறிவேப்பிலை கிள்ள வந்த மாப்பிள்ளையின் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"தோ, வந்துட்டேன்ங்க."

அந்த அம்மாள் அவர் காலையும் கன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "வரப்ப ரெண்டு கொத்து கிள்ளிக்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கறிவேப்பிலையும் சேற்றுக்காலுமாகக் கூடத்துக்கு வந்தவர் உட்காரவில்லை.

"பொண்ணு வேலைய விடாதுங்க."

குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை. மாமா, யோசித்துச் சொல்கிறோம் என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம், அதற்கு மேல் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

பஸ் ஏறியதும் மகளுக்குப் போன் போட்டார். "அந்த இடம் சரிப்படலம்மா. நீ நாளைக்கு ஸ்கூலுக்குக் கிளம்பு." அவள் என்ன சொன்னாளோ, வெகுநேரம் 'ம்' கொட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை நான் என்னைப் பெற்றவருக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்கு எழுந்து, அவரை அதில் உட்காரவைத்தேன்.