சந்தேகம் நீக்கப்பட்ட ஊற்று

இந்தக் காலத்து மனிதர்களைப் போல முன்னேறிய மனிதர்கள் உலகம் தோன்றிய நாளிலிருந்து இருந்ததில்லை. எதையும் போய்ப் பார்க்கும் கெட்ட வழக்கத்தை அவர்கள் அறவே விட்டுவிட்டார்கள். மழை பெய்கிறதா என்று ஜன்னலைத் திறப்பதில்லை, போனைத் திறக்கிறார்கள். கண்டவன் எதிரே நின்று சொன்னால் 'ஆதாரம் என்ன?' என்பார்கள். காணாதவன் எழுதிவைத்தால் 'ஆதாரம் இதோ' என்பார்கள். வாழவந்திக் கிராமத்து ஐயாக்கண்ணுவுக்கு இந்த முன்னேற்றம் பிடிபடவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவர், பிடிபட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

அவருடைய மிளகுக் கொடிக்கும் காப்பிச் செடிக்கும் வீட்டுக் குடத்துக்கும் தண்ணீர் தருவது தோட்டத்துக்கு மேலே உள்ள ஓர் ஊற்று. அந்த ஊற்று 'வற்றிவிட்டது' என்று ஏற்காட்டில் உள்ள ஒரு மலைநீர் ஆய்வு மையம் கட்டுரை எழுதியிருந்தது. அது அச்சேறிவிட்டால் அந்த இடத்தை நிரவி விடுதி கட்ட அனுமதி கிடைத்துவிடும் என்று விடுதி கட்டப்போகிறவரே நல்ல மனதோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஐயாக்கண்ணு ஊற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மையத்தில் அன்று ஒரு மாபெரும் பணி நடந்துகொண்டிருந்தது. கட்டுரையில் உள்ள மேற்கோள் எண்களையெல்லாம் 'தொட்டால் திறக்கும்'படி செய்கிற பணி. எண்ணைத் தொட்டால், அந்தச் செய்தி எந்தக் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டதோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும். அப்படிப்பட்ட எண் நீல நிறத்தில் இருக்கும். நீலம் இல்லையென்று ஆய்விதழ்க்காரர்கள் இரண்டு முறை கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவ்வளவு பண்பானவர்கள்.

இயக்குநர் முனைவர் விஜயகுமார் பாட்டிலைப் பார்த்தார். "இது என்னங்க பெரியவரே?"

"நீங்க வத்திப்போச்சுன்னு எழுதுன தண்ணிங்க."

விஜயகுமார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நொம்பச் சுத்தமாத்தான் இருக்குதுங்க. ஆனா இதை எப்படிக் கட்டுரையில சேர்க்கறது?"

"சேர்க்க வேண்டாமுங்க. குடிங்க."

"குடிக்கலாமுங்க. மேற்கோள் காட்ட முடியாது. தொட்டாத் திறக்காதுங்களே?"

"மூடியத் திருகுனாத் தொறக்குமுங்க."

விஜயகுமார் சிரிக்கவில்லை, பொறுப்பான பதவி. வேண்டுமானால் 'ஐயாக்கண்ணு, நேர்ப்பேச்சு' என்று குறிப்பிடலாம், ஆனால் அது நீலமாக வராது, பக்கத்தின் ஒழுங்கு கெட்டுவிடும் என்று பொறுமையாக விளக்கினார்.

ஐயாக்கண்ணு கணினி முன் இருந்த பெண்ணிடம் போனார். கட்டுரையை அச்சுக்கு வடிவமைப்பவள் அவள், பெயர் ஃபெபி.

"எங்க ஊத்து எதுல இருக்குது, காட்டு கண்ணு."

காட்டினாள். 'ஊற்று முற்றிலும் வற்றிவிட்டது' என்ற வரிக்குப் பக்கத்தில், எண் இருக்க வேண்டிய இடத்தில், பருத்த கேள்விக்குறி ஒன்று நின்றது.

"இதென்ன கண்ணு, கேள்வி கேட்டு நிக்குது?"

"எங்கிருந்து எடுத்ததுன்னு மிஷினுக்குத் தெரியலீன்னா அதுவே போட்டுக்குமுங்க தாத்தா."

ஐயாக்கண்ணுவின் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தக் கட்டடத்துல சந்தேகப்படறதுக்கு ஒண்ணாவது இருக்குதே! அப்படியே அச்சடிச்சிருங்க சாமி. நான் வாறேன்."

"ஐயோ, அதை எடுக்கத்தானுங்க மூணு நாளா ஒக்காந்திருக்கறோம்!"

சந்தேகத்தை நீக்கும் முறை எளிது. அதே கட்டுரையை மிஷினில் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் மிஷின் விழிக்கும். இரண்டாவதில் தயங்கும். மூன்றாவதில் நம்பிவிடும். இதைக் கண்டுபிடித்தவர் மனிதர்களோடு நன்றாகப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் ஓட்டத்தில் கேள்விக்குறி மறைந்தது. அந்த இடத்தில் நீலமாக ஒரு 7 உதித்தது. மையமே எழுந்து கைதட்டியது.

"தொட்டுப் பாருங்க பெரியவரே!" என்றார் விஜயகுமார்.

ஐயாக்கண்ணு தொடவில்லை. ஃபெபி தொட்டாள். ஏழு, கோயமுத்தூர்க்காரர் ஒருவரின் கட்டுரையில் போய் நின்றது. 'ஊற்று வற்றியதாக அறியப்படுகிறது' என்றது அது. பக்கத்தில் நீலமாக 12. அதைத் தொட்டாள். சென்னைக்காரர் ஒருவரின் கட்டுரை. 'வற்றியது உறுதி' என்றது. பக்கத்தில் நீலமாக 3. அதையும் தொட்டாள். 'விஜயகுமார், அச்சில்' என்று வந்தது.

"இது யாருங்க?" என்றார் ஐயாக்கண்ணு.

"நான்தானுங்க. இதே கட்டுரைதான்! பார்த்தீங்களா, எங்கயுமே அறுந்து போகல!" விஜயகுமாருக்கு ஆனந்தத்தில் குரல் தழுதழுத்தது.

ஐயாக்கண்ணு புறப்பட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. நன்றியுரையில உங்க பேரைப் போட்டுடறோம்."

"அதைத் தொட்டா வாழவந்திக்கு வருமுங்களா?"

"அது... வராதுங்க."

"பஸ்ஸு வருமுங்க. முக்கா மணி நேரம். ஏனுங்க, இதை எழுத உங்களுக்கு எத்தனை நாளாச்சு?"

"மூணு வருஷமுங்க," என்றார் விஜயகுமார் அடக்கத்தோடு.

"மூணு வருஷத்துல முக்கா மணி நேரம் கெடைக்கலீங்க உங்களுக்கு. ஊத்தை மூடறதுக்கு விடுதிக்காரனுக்காவது மண்ணு வேணும். உங்களுக்கு அதுகூட வேண்டியதில்ல."

இன்னொரு முறை தொட்டுக் காட்டுவதாக உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.