முன்பணம்னே எழுதிக்கங்க

அகராதி தெரிந்தவனைக் கடைக்கு அனுப்பக் கூடாது. என்னை அனுப்பினார்கள்.

காசை முன்னால் கொடுப்பதற்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ், மண்டபத்துக்கு முன்பணம், மாட்டுக்கு அச்சாரம். இப்போது மனை வாங்குகிறவர்கள் டோக்கன் போடுகிறார்கள் (ஏதோ ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பதுபோல). இவையெல்லாம் ஒரே பொருள்தான், வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு வருகின்றன என்பது அன்றைய என் கட்சி. எனக்கு இருபத்தாறு வயது. எம்.ஏ. தமிழ். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தங்கை கோதைக்கு ஸ்ரீரங்கத்து மண்டபம் ஒன்றில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. "எங்க பக்கத்து ஆளுங்களுக்கு நல்ல தலைவாழை இலையா போட்டுடுங்க, அது போதும்" என்றார்கள். அப்பா நெகிழ்ந்துபோனார். எனக்கு ஒரே ஒரு வேலை ஒதுக்கப்பட்டது: திருவெள்ளறையில் வாழைத்தோப்பு வைத்து இலை வியாபாரம் செய்யும் பங்கயம் அக்காவிடம் போய் அச்சாரம் கொடுத்துவிட்டு வருவது.

பங்கயம் அக்கா பணத்தைக் கையில் வாங்கவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, இது அச்சாரமா, முன்பணமா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. அச்சாரம்ங்கிறது கொஞ்சம் பழைய சொல்லு. முன்பணம்னே எழுதிக்கங்க. முன்னால குடுக்கிற பணம், பார்த்தாலே அர்த்தம் தெரியும் பாருங்க."

"முன்பணம்னே எழுதிக்கவா?"

"தாராளமா."

(இரண்டு முறை கேட்டார். ஆண்டவனும் பரீட்சைத் தாளும்கூட அத்தனை சலுகை தருவதில்லை.) பிறகு கூட்டுச் சொற்கள் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். அந்த அம்மாள் இலை அடுக்கிக்கொண்டே கேட்டார். கல்யாணம் என்றோ, தேதி இன்னது என்றோ நான் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. "அச்சாரம் கொடுத்தாச்சா?" என்றார் அப்பா. "கொடுத்தாச்சு" என்றேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் சமையல்காரர் வந்து, "இலை எங்க தம்பி?" என்றார். நண்பனின் மொபெட்டை வாங்கிக்கொண்டு பறந்தேன்.

பங்கயம் அக்கா முகமெல்லாம் மலர்ந்து, "வாங்க தம்பி, மெஸ் ஆரம்பிச்சாச்சா?" என்றார்.

"எந்த மெஸ்?"

"முன்பணம்னு சொன்னீங்கல்ல. மெஸ்காரங்கதான் அப்படி வைப்பாங்க. காசு இங்க கிடக்கும், வர்றப்ப இருக்கிற இலையை எடுத்துக்கிட்டுப் போவாங்க. அச்சாரம்னா நான் தேதி கேட்டிருப்பேனே. அன்னைக்கு இலை உங்களுது. நான் தரலைன்னா ரெட்டிப்பா திருப்பணும், நீங்க வரலைன்னா காசு என்னுது. அது வாக்கு தம்பி. இது வெறும் காசு."

இரண்டு வருடப் படிப்பில் ஏறாதது அரை நிமிடத்தில் ஏறியது. கொட்டகையில் கட்டுக் கட்டாக இலை இருந்தது. கே.கே. நகரில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் மகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்தாம், அதற்கானது.

"அதுல பாதி குடுங்க அக்கா. ரெட்டை விலை தரேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. "அது அச்சாரம் வாங்கினது. உங்க அச்சாரத்து மேல இப்படி ஒருத்தர் ரெட்டை விலை வச்சா, நான் என்ன செய்யணும், நீங்களே சொல்லுங்க."

வாய்மையைப் பற்றி மேடையில் பேசிப் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். அந்தக் கொட்டகையில் தங்கை கல்யாணம், நாளைக் காலை, அப்பா முகம் என்று துண்டுதுண்டாக உளறினேன்.

அக்கா அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார். அங்கே இருந்தது தாருக்காக விட்ட பூவன். அதில் இலை அறுக்க மாட்டார்கள்; அறுத்தால் காய் பருக்காது. அது எனக்கே தெரியும்.

"தார் சிறுத்துடுமே அக்கா."

"சிறுக்கட்டும். அது என் தார்தானே, யாருக்கும் வாக்குக் கொடுக்கலை."

அறுத்ததில் நுனி இலை இருநூறு தேறியது. மீதியெல்லாம் ஏடு, அதாவது நுனி போக நடுவில் நறுக்கிய துண்டு. விலையைக் கேட்டதற்கு, "உங்க முன்பணத்துல கழிச்சுக்கறேன். இதுக்குப் பேருதான் முன்பணம்" என்றார். கூடுதலாக ஒரு ரூபாய் வாங்கவில்லை. சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டியை அவரே போன் போட்டு வரவழைத்தார்.

நுனி மாப்பிள்ளை பக்கத்துக்கு, ஏடு நமக்கு என்று திட்டம். பந்திக்கு நானே காவல் நின்றேன். இருநூறும் சரியாகப் போய்விட்டன. ஆனால் போட்டோ எடுத்து முடித்துக் கடைசிப் பந்தியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. மாப்பிள்ளை.

அவர் முன்னால் ஏடு விழுந்தது.

"மாப்பிள்ளைக்கு ஏடா?" என்றார் அவருடைய பெரியப்பா. பந்தியே நிமிர்ந்து பார்த்தது. பக்கத்தில் கோதை தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். நான் ஓடிப்போய், ஒளிக்காமல், அச்சாரத்துக்கும் முன்பணத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பங்கயம் அக்காவின் தார் வரைக்கும் சொன்னேன். பெரியப்பாவின் ரசம் ஆறிப்போனது.

மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார். இலையில் தண்ணீர் தெளித்தார். "சாதம் போடச் சொல்லுங்க மச்சான். ஏடுதானே, படிச்சுக்கிட்டே சாப்பிடறேன்."

முதலில் சிரித்தது பெரியப்பாதான்.

அதன்பின் எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் இலை பங்கயம் அக்காவிடம்தான். அச்சாரம் கொடுக்க அப்பா வெற்றிலை பாக்கோடு தாமே போவார். நான் வண்டி ஓட்டலாம், வாய் திறக்கக் கூடாது. மாப்பிள்ளையின் போனில் இன்றுவரை நான் 'ஏட்டு மச்சான்'. போன வருடம் என் முதல் புத்தகம் வந்தது. ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலும் கீழுமாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நல்லா இருக்கு மச்சான். இதுல நுனி எந்தப் பக்கம்?"