கண்டக்டர் தனியாக டீ குடிக்கப் போனார்

முதலில் மன்னிப்பு. நான் அஞ்சாவதோடு நின்றவன். கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும். அச்சுக் கோர்ப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாம்பரத்தில் ரகசியமே இல்லாமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் கண்டக்டர்தான். அவர் ரகசியம் சொன்னால் ரயில்வே ஸ்டேஷனில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நிஜமாகவே பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒரு காய்ச்சலில் கண் போயிற்று, பின்னாலேயே காதும் போயிற்று. காக்கிச் சட்டையும் குரலும் மட்டும் போகவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் அதை எவ்வளவு வைப்பதென்று அவருக்குத் தெரியாது. முழுசாக வைத்துவிடுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கண்ணும் காதும் போனவர்களுக்கு நாற்காலி பின்னவும் குச்சி தட்டி நடக்கவும் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சி நிலையத்தில் எனக்குத் துணையாள் வேலை. துணையாள் இல்லாமல் அவர்கள் கேட்டைத் தாண்டக் கூடாது. நான் கூச்சக்காரன். வாய் பேச வேண்டாம், அவர்கள் உள்ளங்கையில் விரலால் எழுதினால் போதும் என்றார்கள். அதற்காகத்தான் சேர்ந்தேன். என்னைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார்கள்.

அவர் என்னை டிரைவர் என்றார். நான் முன்னால் நடக்க, என் சட்டையின் பின்நுனியைப் பிடித்துக்கொண்டு வருவார். இரண்டு இழுப்பு இழுத்தால் கிளம்ப வேண்டும், ஒன்று இழுத்தால் நிற்க வேண்டும். பஸ்ஸில் மணிக்கயிறு இழுத்த பழக்கம். என் சட்டைகளெல்லாம் முன்னால் குட்டையாகவும் பின்னால் நீளமாகவும் ஆகிவிட்டன.

ஒருநாள் டீக்கடை வாசலில் என் கையைப் பிடித்தவர், "டிரைவரே, கை இன்னா ஈரமா கீது? எதிர்ல பொண்ணு வர்தா?" என்றார்.

வந்துகொண்டுதான் இருந்தாள். 'இல்லை அண்ணா' என்று எழுதினேன்.

"பொய் சொல்ற. இப்ப இன்னும் ஈரமா கீது."

தெருவே சிரித்தது. அந்தப் பெண்ணும்தான்.

அவருக்கு ஒரே ஆசை, தனியாகப் போய் ஒரு டீ. "பஸ்ஸு நெறைய ஜனத்தை ஏத்தி எறக்கினவன் நானு. ஒரு டீ குடிக்கத் தொணைக்கு ஆளா?" என்று நிலையத்தின் தலைவரான பெரிய சாரிடம் தினமும் சண்டை.

கடைசியில் சார் சலித்துப்போய் அவர் கையில் எழுதினார். பரீட்சை. தனியாகப் போய் வர வேண்டும். சார் பின்னாலேயே வருவார், ஆனால் தொட மாட்டார். யாராவது கை கொடுத்தாலோ, சார் இருக்கும் இடம் இவருக்குத் தெரிந்தாலோ பரீட்சை செல்லாது. தோற்றால் அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

கண்டக்டர் சுவரோரமாகக் குச்சி தட்டிப் போனார். சார் பூனை மாதிரி பின்னால். நான் கேட்டில் நின்றேன். வழியில், கேட்டிலிருந்தே தெரிகிற பஸ் ஸ்டாப். கண்டக்டரின் கை ஒரு முதுகில் பட்டது, அதை அடுத்து இன்னொரு முதுகு. அவ்வளவுதான், பழைய வேலை திரும்ப வந்துவிட்டது.

"இன்னாபா, கும்பலா நின்னுகினு? ஒத்தையா வா. லேடீஸ் முன்னால வா."

காக்கியைப் பார்த்து எல்லோரும் வரிசையானார்கள். பஸ் வந்தது. தரை அதிர்ந்ததிலேயே கண்டுபிடித்துவிட்டார். அதன் நிஜக் கண்டக்டர் இறங்கி வெற்றிலை வாங்கப் போன நேரம், நம்மவர் அத்தனை பேரையும் ஏற்றினார். கடைசியாக சாரின் முழங்கை கையில் பட்டது.

"நீ இன்னாயா, புது மாப்ள மாதிரி ஒதுங்கி நிக்கிற? ஏறு, ஏறு."

கையில் எழுதினால்தான் அவருக்குப் புரியும். எழுதினால் பரீட்சை செல்லாது. விதியைப் போட்டவரே ஆயிற்றே, சார் பேசாமல் ஏறினார். கண்டக்டர் பஸ்ஸின் முதுகில் இரண்டு தட்டு தட்டி, "போலாம், ரைட்" என்றார். பஸ் போய்விட்டது. நிஜக் கண்டக்டர் வெற்றிலையோடு பின்னால் ஓடினார். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

மணி அடிக்காமல் டிரைவர் நிறுத்த மாட்டார். டிக்கெட் கேட்க ஆளில்லை என்று தெரிந்ததும் ஜனங்கள் மணியடிக்கவில்லை. பெருங்களத்தூரில் இறங்க வேண்டியவர்கள்கூட இறங்கவில்லையாம். சார் கயிற்றுப் பக்கம் கையை நீட்டியபோது பக்கத்து ஆள், "சும்மா குந்து சார், நல்லாத்தானே போவுது" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். கூடுவாஞ்சேரியில்தான் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

கண்டக்டரோ டீக்கடையில், 'எனக்குக் கண் தெரியாது, காது கேட்காது, ஒரு டீ' என்ற அட்டையை நீட்டி, டீ குடித்து, அது வெந்நீர் என்று ஊருக்கே அறிவித்துவிட்டு, சுவரைப் பிடித்துத் திரும்பி வந்தார்.

"பெரிய சார் இன்னா சொல்றாரு?"

'பஸ்ஸில் போய்விட்டார்' என்று எழுதினேன்.

"பரீட்சை வெச்சிட்டு ஊர் சுத்தப் போயிட்டாரா?"

சாயங்காலம் சார் புழுதியோடு வந்து சேர்ந்தார். ஒழிந்தது கண்டக்டரின் டீ என்று நினைத்தேன். சார் அவர் கையைப் பிடித்து விரித்தார். பிறகு எழுதினார்: 'பாஸ். தொலைந்தது நான்தான்.'

மறுநாள் டீ நேரத்துக்கு எனக்கு வேலையில்லை. கேட்டருகில் நின்றிருந்தேன். கண்டக்டர் குச்சியோடு வந்து, கேட்டைத் தாண்டி, நின்றார்.

"டிரைவரே, இங்கதானே கீற?"

ஓடிப்போய்க் கையில் எழுதினேன். 'இனிமேல் நீங்கள் தனியாகவே போகலாம் அண்ணா.'

"தனியாத்தான்பா போறேன். நீயும் தனியா வா. பக்கத்துல வா."

எழுதி முடித்தது, மாட்டுப் பொங்கல் மத்தியானம்.