வெள்ளாடு கூட்டிய பசுமைக் கூட்டம்

ஒரு காட்டில், மரங்களைவிட அலுவலகங்கள் குறைவாக இருந்த கடைசிக் காலத்தில், ஒரு தேன் கம்பெனி நடந்துவந்தது. முதலாளி புலியார். தேன் எடுப்பது கரடிகள், விற்பது குரங்குகள், லாபம் மட்டும் புலியாருக்கு. அங்கே கூட்டங்களை ஏற்பாடு செய்வதற்கென்றே ஒரு வெள்ளாட்டை வைத்திருந்தார்கள். பெயர் செங்கமலம்.

செங்கமலம் தற்காலிக ஊழியர். வீட்டில் பால் மறக்காத குட்டிகள் இரண்டு. வேலை நிரந்தரமானால் ஓடைக்கரையில் வேலி போட்ட கொட்டில் கிடைக்கும், குட்டிகளை நிம்மதியாக விட்டுவிட்டு வரலாம். அந்தக் கொட்டிலைத் தவிர அவளுக்கு வேறு கனவே கிடையாது. புலியிடம் வேலை பார்க்கிறோமே என்று பயப்படவும் இல்லை. அலுவலக நேரத்தில் ஊழியரைத் தின்பதில்லை என்பது கம்பெனி விதி. மதிய இடைவேளை அலுவலக நேரத்தில் சேராது என்பதை மட்டும் அவள் யோசித்ததில்லை. உச்சிவெயில் ஆனதும் குட்டிகளுக்குப் பால் கொடுக்க வீட்டுக்கு ஓடிவிடுகிறவள், அதை எதற்கு யோசிக்கப்போகிறாள்?

அந்த வருஷம் பக்கத்துக் காட்டுக்காரர்கள், பசுமைச் சான்றிதழ் இல்லாத கம்பெனியிடம் இனி தேன் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். புலியாருக்குத் தூக்கம் போயிற்று. அவசர அவசரமாக நரியாரை ஆலோசகராக அமர்த்தினார். நரியார் வந்து, ஒரே ஒரு கூட்டத்தைச் சுற்றுச்சூழல் கெடாமல் நடத்திக் காட்டினால் போதும், மற்ற நாட்களில் கம்பெனி எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று தைரியம் சொன்னார். வேலை செங்கமலத்தின் தலையில் விழுந்தது. நன்றாக நடத்தினால் நிரந்தரம் என்று புலியார் வாக்குக் கொடுத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, அவள் உயிரைக் கொடுத்து உழைத்தாள். பிளாஸ்டிக் பேனர் போய் பழைய வேட்டியில் எழுதிய பேனர் வந்தது. தண்ணீர் பாட்டில் போய் மண்பானை வந்தது. ஒருமுறை பயன்படுத்தித் தீர்ந்துபோகும் எதுவும் கூட்டத்துக்குள் வரக் கூடாது என்று விதி எழுதி, புலியாரிடம் கையெழுத்தும் வாங்கினாள். பொன்னாடைக்குப் பதில் ஆளுக்கொரு மரக்கன்று. படம் எடுத்து முடித்ததும் கன்றுகளைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளும்படி நரியார் சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு ஆகுமாம்.

சாப்பாடுதான் இடித்தது. வழக்கமாகப் பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து வண்டியில், டப்பா டப்பாவாக வரும். வண்டி கூடாது, டப்பா கூடாது, உள்ளூரில் கிடைப்பதாக, தானே நடந்து வருவதாக இருந்தால் இன்னும் விசேஷம் என்று அவளே எழுதினாள். அப்படி என்ன சாப்பாடு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் நரியார். நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் அமர்க்களமாக நடந்தது. சிறுத்தை, ஓநாய், கழுதைப்புலி என்று இயக்குநர்கள் எல்லோரும் நடந்தே வந்தார்கள். சான்றிதழ் கொடுக்கும் கழுகம்மாள் கிளையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். உச்சிவெயில் வந்தது. குட்டிகளுக்குப் பசிக்குமே என்று செங்கமலம் நெளிந்தபோதுதான், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தாள்.

அலுவலக நேரத்தில் தின்னக் கூடாதே என்று நினைவுபடுத்தினாள்.

புலியார் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். "இப்ப இடைவேளைம்மா," என்றார். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. நல்ல ஊழியர் கிடைப்பது கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

செங்கமலத்தின் கண்முன் குட்டிகள் இரண்டும் வந்து நின்றன. வாயைத் திறந்தாள்.

"ஐயா, ஒருதரத்தோட தீந்துபோற எதுவும் கூட்டத்துக்கு ஆகாதுன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. என்னைச் சாப்பிட்டா இன்னைக்கே தீந்துடுவேன். கறந்தா நாளைக்கும் இருப்பேன்."

கழுகம்மாள் பலமாகத் தலையாட்டினார். சான்றிதழ் கையை விட்டுப் போய்விடுமோ என்று புலியாருக்கு உதறல். இயக்குநர்களின் பார்வை மெல்ல நரியார் பக்கம் திரும்பியது. நரியார் பதறிப்போய், நானும் மறுபயன்பாட்டுப் பொருள்தான், போன காட்டில் பேசிய அதே உரையைத்தான் இங்கேயும் பேசினேன், அடுத்த காட்டிலும் அதேதான் என்று சத்தியம் செய்தார். கேட்டவர்கள் எல்லோருக்கும் அது உண்மை என்று பட்டது.

ஆளுக்கொரு மண்கிண்ணத்தில் பால் கிடைத்தது. ஓநாய் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தது. சான்றிதழ் வந்தது, தேனுக்கு ஆர்டர் வந்தது, செங்கமலத்துக்குக் கொட்டிலும் வந்தது.

கூடவே இன்னொன்றும் வந்தது. செலவே இல்லாமல் கூட்டம் நடத்தலாம் என்று புலியார் கண்டுபிடித்துவிட்டார். முதலில் வாரம் ஒரு கூட்டம் என்றார், பிறகு தினமும் என்றார். பொழுது சாய்ந்து செங்கமலம் கொட்டிலுக்கு வந்தால், குட்டிகள் ஓடிவந்து மடியில் முட்டும். ஒரு சொட்டு இருக்காது. நாளாவட்டத்தில் அவை முட்டுவதை விட்டுவிட்டு, வயசுக்கு முன்பே புல்லைக் கடித்துப் பழகின.

ஒருநாள் சின்னக் குட்டி கேட்டது. "நிரந்தரம்னா என்னம்மா?"

"நாளைக்கும் கூட்டம் இருக்குன்னு அர்த்தம்டா," என்றாள் செங்கமலம். மண்பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

நீதி: முதலாளி உங்களை ஒரே வேளையில் தின்ன வந்தால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னலாமே என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். அதற்குப் பெயர்தான் நிரந்தர வேலை.